அனுப்புநர் பெயர் யார் வேண்டுமானாலும் எழுதலாம்

மின்னஞ்சல் உள்ளே எப்படி ஓடுகிறது என்று கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மெயிலைக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி விதிமுறையை ஜான் போஸ்டல் 1982இல் எழுதினார். அனுப்புவது உண்மையில் யார் என்று சோதிக்கும் ஏற்பாடே அதில் கிடையாது. தபால் உறையில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதிப் போடுவது மாதிரிதான்.

ஒட்டுப் போட்டதெல்லாம் அப்புறம்தான். இந்த டொமைன் (மெயில் முகவரியில் @க்குப் பின் வரும் பகுதி) பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன்களுக்கான பொது முகவரிப் புத்தகத்தில், சொல்லி வைப்பது எஸ்பிஎஃப். மெயிலோடு வரும் டிஜிட்டல் கையொப்பம் டிகேஐஎம். இரண்டில் ஒன்றாவது நம் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் டொமைனோடு பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். அதை 'நன்' (none, எதுவும் வேண்டாம்) என்று வைத்துவிட்டுச் சும்மா இருக்கும் நிறுவனங்களும் உண்டு. போலி வந்தாலும் தடுக்காதே, அறிக்கை மட்டும் அனுப்பு என்று அர்த்தம். என்ன பெருந்தன்மை!

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போனால் இந்த மூன்று சோதனைகளின் முடிவும் தெரியும். 'பாஸ்' என்றிருந்தாலும் டொமைனை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 1 போட்டுப் பதிந்த திருட்டு டொமைனுக்கும் மூன்றும் பாஸ் ஆகும்.