டெக்சாஸில் மூன்றாம் வகுப்பு: ஸ்டார் தேர்வு எங்கள் வீட்டில்

கோவையிலிருந்து டெக்சாஸ் வந்து மகளை மூன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, பள்ளி தந்த படிவங்களில் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு தாள் இருந்தது. அபார்ட்மெண்டில் உள்ள தமிழ் அக்கா முன்பே சொல்லியிருந்தார்: "தமிழ்னு போட்றாதீங்க, அப்புறம் வருஷா வருஷம் டெஸ்ட் வைப்பாங்க." நாங்கள் தமிழ் என்றே எழுதினோம். வீட்டில் பேசுவது அதுதானே!

அக்கா சொன்னதும் பொய்யில்லை. சேர்ந்த நான்கு வாரத்துக்குள் பிள்ளையின் ஆங்கிலத்தைச் சோதிக்கிறார்கள். போதாது என்று பட்டால் ஆங்கில உதவி வகுப்பு. வேண்டாமென்று பெற்றோர் கையெழுத்துப் போடலாம். போட்டாலும், ஆங்கிலம் தேறிவிட்டது என்று பள்ளி விடுவிக்கும்வரை ஆண்டுதோறும் டெல்பாஸ் என்ற தேர்வை எழுதியாக வேண்டும். கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது நான்கும் அதில் உண்டு. இவள் ஊரில் இங்கிலீஷ் மீடியம்தான், ஆனால் இங்கே டீச்சர் பேசும் வேகம் பிடிபடவில்லை. அந்த வகுப்பு அவளுக்கு நல்லதே செய்தது. படிவத்தில் எழுதியதை மாற்ற நினைப்பவர்கள் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள், அதுவும் பிள்ளையைச் சோதிக்கும் முன்பே, கேட்டுவிட வேண்டும்.

ஏப்ரலில் ஸ்டார் (STAAR) என்ற மாநிலத் தேர்வு. மூன்றாம் வகுப்புக்கு வாசிப்பும் கணக்கும் மட்டும். ஐந்தில் அறிவியல் சேரும், எட்டில் சமூக அறிவியலும். எல்லாம் கணினியில்தான். 3 முதல் 8 வரை ஒவ்வோர் ஆண்டும் வாசிப்பும் கணக்கும் சோதிக்கச் சொல்வது 2015ஆம் ஆண்டின் தேசியச் சட்டம். தேர்வைத் தவிர்க்கப் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் உரிமையை டெக்சாஸ் சட்டம் பெற்றோருக்குத் தரவில்லை.

பெருக்கல் வாய்ப்பாடெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிக்கியது சில்லறையில். டைம் என்ற 10 சென்ட் காசு, நிக்கல் என்ற 5 சென்ட் காசைவிடச் சிறியது, மதிப்போ இரண்டு மடங்கு! இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு இது யோசிக்காமலே வரும். கடையில் மிஞ்சிய காசையெல்லாம் மேசையில் கொட்டி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணவிட்டோம். அங்குலமும் அடியும் அப்படித்தான் பழகின.

வாசிப்புத் தேர்வில் ஒரு பத்தியைப் படித்துவிட்டுக் கட்டுரை ஒன்றைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு 10 மதிப்பெண். 2023இல் தேர்வை மாற்றியபோது வந்தது இது. எட்டு வயதுப் பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தால் மனசில் இருப்பது திரைக்கு வராது. மாநிலத்தின் தளத்தில் மாதிரித் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கட்டிக் கோச்சிங் அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் புரிவதில்லை.

ஜூனில் முடிவு வந்ததும் மாமியார் போனில் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மார்க்கும்மா?" நான்கு படிகள் இருக்கின்றன அத்தை, அடியில் உள்ள படி தவிர மற்றதெல்லாம் பாஸ்தான் என்றேன். திருப்தி இல்லை அவருக்கு. தேறாவிட்டாலும் இதை வைத்து வகுப்பில் நிறுத்திவைப்பது 2021இலேயே போய்விட்டது. தேறாத பாடத்துக்கு 15 அல்லது 30 மணி நேரம் கூடுதலாகச் சொல்லித்தருவார்கள், அவ்வளவுதான்.

அந்தப் படிகளைவிட எனக்கு உதவியது வேறு. பள்ளி தரும் குறியீட்டோடு பெற்றோருக்கான தளத்தில் நுழைந்தால் கேள்விகளையும், பிள்ளை தந்த விடைகளையும் பார்க்கலாம். எங்கள் பள்ளியில் இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அவள் கட்டுரையைத் திறந்தேன். கருத்தெல்லாம் சரி, முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை! கோடை விடுமுறையில் என்ன செய்வது என்பது அதோடு முடிவானது.

சின்னவன் மூன்றாம் வகுப்புக்கு வரும்போது இந்தத் தேர்வு இருக்காது. 2025இல் வந்த சட்டப்படி, 2027-28 கல்வியாண்டு முதல் ஸ்டாருக்குப் பதில் ஆண்டின் தொடக்கத்தில், நடுவில், இறுதியில் என்று மூன்று சிறு தேர்வுகள். ஒரே நாளில் நெடுநேரம் உட்கார அவனால் முடியாது, எனவே எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை.