புது வீட்டுக்கு ஒரு பழைய திண்ணை: 11 மாதக் கணக்கு

போன தை மாதம் சேலம் கன்னங்குறிச்சியில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். இரண்டு படுக்கையறை, முன்னால் 10 அடி, பின்னால் 20 அடி காலியிடம். மொட்டை மாடியில் ஏறினால் ஒரு பக்கம் சேர்வராயன் மலை, இன்னொரு பக்கம் மூக்கனேரி. வெளியே இத்தனை இருந்தும் உள்ளே வந்தால் பல் டாக்டர் கிளினிக் மாதிரி இருந்தது. வழவழவென்று வெள்ளைத் தரை, வழவழவென்று வெள்ளைச் சுவர். பண்ணை வீடு மாதிரி கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாமே என்று ஆரம்பித்தேன். எது நின்றது, எது கவிழ்ந்தது என்று எழுதி வைக்கிறேன்.

கவிழ்ந்ததில் முதல், வண்டிச் சக்கரம். பழைய மரச்சாமான் விற்கும் இடத்தில் பார்த்ததும் ஆசைப்பட்டு வாங்கி, வார்னிஷ் அடித்து, வாசல் சுவரில் நாலு கொக்கி போட்டு மாட்டினேன். வாழப்பாடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர் என் மாமியார். பக்கத்தில் போய் நின்று, இது குடம், இது ஆரக்கால், இது வட்டை, மேலே இரும்புப் பட்டா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். அப்புறம் திரும்பி, "வண்டி எங்க கண்ணு நிக்குது?" என்றார். என் வீட்டுக்காரர் அதோடு விடவில்லை. பரோட்டாக் கல் எப்போது வரும் என்று கேட்டார். பைபாஸ் ரோட்டு ஓட்டல் முகப்பு அப்படியே என் வாசலில் இருந்தது, மறுக்க முடியவில்லை. இரண்டு வாரத்தில் கழற்றிவிட்டேன்.

அடுத்து சுண்ணாம்பு. பெயின்ட்டின் பளபளப்பு போய், கிராமத்துச் சுவரின் அந்த மங்கலான வெள்ளை வேண்டும் என்று ஆசை. சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக் கல் உண்டு என்பதால் சேலத்தில் கல் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிற வழியில் வெள்ளை வெளேரென்று தெரிகிற குன்றுகளைக் காட்டி, "அதிலிருந்தே வெட்டிக்கலாமே" என்றாள் தோழி. அது வேறு. வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்பு மலை என்று பொருள்பட 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள், ஆனால் அங்கே இருப்பது மேக்னசைட். உலைக்கு உள்ளே கட்டும் செங்கல்லுக்குத்தான் அது ஆகும், என் வீட்டுச் சுவருக்கு ஆகாது.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தாளிக்கும்போது செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நிமிஷம் சும்மா இருந்தது. அப்புறம் உஸ் என்று சத்தம், கல் பிளந்து பூவாக விரிகிறது, தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, வாளியின் அடி தொப்பை போட்டுவிட்டது. ஓடிப்போய் இரும்பு டிரம்முக்கு மாற்றினேன். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகவே கூடாது, தெறித்தால் கண் போய்விடும். 10 நாள் ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு பிடி உப்பும் சோற்றுக் கஞ்சியும் துளி நீலமும் சேர்த்தேன்.

ஹால் சுவரில் அடித்த அன்று அவ்வளவு அழகு. சாய்ந்தவர்கள் முதுகெல்லாம் வெள்ளை. மூன்றாவது வாரம் அப்பளம் மாதிரி உரிய ஆரம்பித்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. சுண்ணாம்பு சுவருக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டும், காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத் திரும்பவும் கல்லாக வேண்டும். புட்டியும் பெயின்ட்டும் பூசிய சுவரில் அது இறங்க வழியே இல்லை, மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். ஹாலைச் சுரண்டித் துடைத்துவிட்டு மிச்சச் சுண்ணாம்பைக் காம்பவுண்டுச் சுவருக்குக் கொண்டுபோனேன். வெறும் சிமென்ட் பூச்சுதான் அங்கே. முதலில் சுவரை நன்றாக நனைத்து, பால் மாதிரி நீர்க்க நீர்க்க மூன்று கை. முதல் கை அடித்ததும் ஒன்றுமே தெரியாது, ஏமாந்து கெட்டியாக அடித்துவிடக் கூடாது. காலையில் பார்த்தால் தானாக வெளுத்திருக்கும். பங்குனியில் அடித்தது, ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டது, இன்னும் நிற்கிறது. ஹால் பழையபடி பெயின்ட்தான்.

சித்திரையில் திண்ணை. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

வாசல் பக்கம் 7 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று கணக்குப் போட்டு, மேலே காவி போட வேண்டும் என்று கேட்டேன். முதலில் வந்த கொத்தனார், "டைல்ஸ் ஒட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்க்கா" என்று சொல்லிவிட்டு வரவேயில்லை. இரண்டாவதாக வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கொஞ்ச நேரம் இடத்தைப் பார்த்தார். "காவி தேய்ச்சு இருபது வருசம் ஆச்சுங்க. கை மறந்திருக்காது" என்றார்.

செங்கல் கட்டு முடிந்த அன்று அத்தை வெளியே வந்து, ஒரு ஓரத்தில் தலை வைக்கத் திண்டு வேண்டும் என்றார். எனக்குப் புரியவில்லை, மேஸ்திரிக்கு உடனே புரிந்தது. அத்தையை அதன் மேல் படுக்கச் சொல்லி, கழுத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே கையை வைத்து அளவு பார்த்தார். நாலு விரல் உயரத்தில் ஆரம்பித்துச் சரிந்து இறங்குகிற மாதிரி ஒரு திண்டு பூசினார். டேப் எடுக்கவே இல்லை. மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்கத் திண்ணை முழுக்க வெளிப்பக்கமாகத் துளி வாட்டம். கோலிக்குண்டை வைத்தால் மெதுவாக உருண்டு போகிற அளவு.

காவி போடுகிற நாள் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். அடிப்பூச்சு பாதி இறுகியிருக்கும்போது சிமென்ட்டும் சிவப்புப் பொடியும் கலந்த பாலை ஊற்றி, மட்டக்கரண்டியால் தேய்க்க ஆரம்பித்தவர், பதினொரு மணி வரை நிமிரவில்லை. முதலில் சேறு மாதிரி மங்கலாக இருக்கிறது. கரண்டி போகப் போக ஈரம் மேலே வந்து, அது வற்றி, திரும்பத் தேய்த்து, எப்போது என்று தெரியாமல் அவர் முகம் அதில் தெரிய ஆரம்பித்தது. பொடியை அதிகம் போட்டால் நிறம் தூக்கும், ஆனால் காலில் ஒட்டும் என்றார். "பத்து நாள் ஈரச் சாக்கு காயக் கூடாதுங்க" என்பது அவர் போகும்போது சொன்னது.

ஆறாம் நாள் நாமக்கல்லில் ஒரு கல்யாணம். போய்விட்டு மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால், சித்திரை வெயிலில் சாக்கு மொறுமொறுவென்று கிடக்கிறது. நடுவே மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, ஒரு சாண் நீளம். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திட்டவில்லை. விரலால் தடவிப் பார்த்து, "கல்யாணச் சாப்பாடு நல்லா இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார். இப்போது வாரம் ஒரு முறை தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன். நிறம் நாளுக்கு நாள் ஆழமாகிறது, வெடிப்பும் கூடவே நன்றாகத் தெரிகிறது.

அம்மி அத்தையின் பழைய வீட்டிலிருந்து வந்தது. சக்கரம் மாதிரி அழகுக்கு வைக்க அவர் விடவில்லை. தெருவில் அம்மி கொத்துகிறவர் வருகிற வரை காத்திருந்து கொத்தவைத்தார். உளியும் சுத்தியும் டக் டக் என்று அரை மணி நேரம், வழவழத்துப் போயிருந்த கல்லில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள். அதோடு அரைத்துவிட முடியாது. பச்சரிசியும் கல்லுப்பும் வைத்து இரண்டு மூன்று ஈடு அரைத்துக் கொட்டி, விரலில் நறநறப்பு நின்ற பிறகுதான் துவையல். வாரம் இரண்டு தடவை அரைக்கிறோம். மற்ற நாளெல்லாம் மிக்ஸிதான், பொய் சொல்லவில்லை.

தோட்டத்தில் முதல் மாதம் முழுக்கத் தோண்டியது மட்டும்தான். கட்டும்போது மிஞ்சிய செங்கல் துண்டு, இறுகிய சிமென்ட், டைல்ஸ் சில்லு எல்லாவற்றையும் போட்டு மேலே ஒரு லோடு மண் அடித்திருந்தார்கள். ஒரு முழத்துக்குக் கீழேதான் செம்மண். நாற்பது சட்டிக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். தொழுஉரம் போட்டு ஆனி மாதம் தயாரானது.

பந்தலுக்கு மூங்கில் நடாமல் கல்லுக்கால் நட்டேன். சேலம் பக்கம் தோட்டத்து வேலியெல்லாம் அதுதானே. 8 அடிக் கால், அதில் 2 அடி பூமிக்குள். அரை அடிக்கு அரை அடி கனம், ஒவ்வொன்றும் 150 கிலோவுக்குப் பக்கம் வரும், நாலு பேர் கயிறு கட்டித் தூக்கினார்கள். செலவு அதிகம்தான். ஆனால் செல் அரிக்காது, மழைக்கு மக்காது. மேலே கம்பி இழுத்து, ஆடிப்பட்டத்தில் ஒரு காலுக்கு மூன்று விதை வீதம் நாட்டு அவரை போட்டேன். ஆவணி, புரட்டாசி முழுக்க இலை, இலை, இலை. பூவே இல்லை என்று புலம்பினேன். "பகல் குறையட்டும் கண்ணு, பனி விழணும்" என்றார் அத்தை. கார்த்திகையில் ஊதாப்பூ கொத்துக் கொத்தாக வந்தது, கூடவே அசுவினிப் பூச்சியும் வந்தது. முதலில் சாம்பல் தூவினேன், கொஞ்சம் அடங்கியது. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் கொஞ்சம், சாயங்காலத்தில் மட்டும் தெளித்தேன். இப்போது இரண்டு நாளைக்கு ஒரு கூடை.

சின்னச் சின்னதாக இன்னும் இரண்டு. ஏற்காட்டில் தெரிந்தவர் எஸ்டேட்டில் வயதான காப்பிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். கவை கவையாக இருந்த கிளைகளைக் கேட்டு வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பட்டை உரித்துத் தேய்த்ததும் எலும்பு மாதிரி இறுக்கமான மரம். பை, குடை மாட்டுகிற கொக்கிகள் ஆகிவிட்டன. பின்பக்க மூலையில் சேலம் குண்டு ஒட்டு மாங்கன்று ஒன்று. ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி நட்டிருக்கிறேன். மூன்று வருஷம் பூவைக் கிள்ளிவிட வேண்டும், அதற்கு மனசு வர வேண்டும்.

சக்கரம் இப்போது காம்பவுண்டுச் சுவர் ஓரம் செங்கல் மேல் படுத்த வாக்கில் கிடக்கிறது. அத்தை அதன் மேல் முறத்தை வைத்து வடகம் காயப்போடுகிறார். வார்னிஷ் உரிகிறது, நான் திரும்ப அடிக்கவில்லை. திண்ணை வெடிப்பில் தண்ணீர் இறங்குகிற மாதிரி தெரிகிறது. மேஸ்திரி பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.