எடை பார்த்ததற்கும் மணி அடிப்பதற்கும் நடுவில்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்துப் பாலக்காட்டுக்குப் போய், வெறும் வயிற்றோடு எடை வரிசையில் நின்ற என் முதல் குத்துச்சண்டைப் போட்டி நாளை, புதிதாகக் கையுறை மாட்டும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். என் எடைப் பிரிவின் வரம்பைவிட 800 கிராம் கூடுதலாக இருந்ததால் முந்தின நாள் முழுக்கத் தண்ணீரை ஒதுக்கியிருந்தேன். எடை சரியானதும் எதிர்க்கடையில் நான்கு பரோட்டாவும் பீஃப் கறியும் சாப்பிட்டேன். முதல் சுற்றிலேயே கால் கனத்துவிட்டது. தோற்றதில் வியப்பில்லை.

அமெச்சூர் போட்டிகளில் எடை பார்த்து முடிந்த பின் முதல் மோதலுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் விடுவது வழக்கம். அந்த நேரம் உடல் இழந்த நீரையும் உப்பையும் மீட்பதற்கானது. இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே உப்புப் போட்ட கஞ்சியும் அவித்த நேந்திரம் பழமும் கொண்டுபோகிறேன். தண்ணீரை மடமடவென்று குடிக்காமல், கால் மணிக்கு ஒருமுறை இரண்டு வாய் குடிக்கிறேன்.

பிறகு காலை நீட்டிப் படுத்துவிட வேண்டும். மற்றவர்களின் மோதல்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பவன் தன் பலத்தை அங்கேயே செலவழிக்கிறான்.

கையுறைக்குள் கையில் சுற்றும் துணியான பேண்டேஜை அவசரமில்லாமல் உட்கார்ந்து கட்டுங்கள். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரல்களை அகல விரித்து வைத்துக்கொண்டே முட்டிகளின் மேல் கொண்டுவர வேண்டும். விரலை விரிக்காமல் சேர்த்து வைத்துக் கட்டினால், முஷ்டி பிடிக்கும்போது துணி இறுகும். கட்டி முடித்ததும் ஒரு நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் உடனே சிவக்கவில்லை என்றால் அவிழ்த்து மறுபடி கட்டுவதுதான் சரி.

உடலைச் சூடேற்றும் நேரத்தைக் கணக்கிடுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். பெரியவர்களுக்கு மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று, நடுவே ஒரு நிமிட ஓய்வு. ஆக ஒரு மோதல் பதினோரு நிமிடம் என்று எண்ணிக் காத்திருந்தால், முன்னால் இருக்கும் இரண்டு மோதல்களை நடுவர் முதல் சுற்றிலேயே நிறுத்திவிட்டால், வியர்க்காத உடம்போடு மேலே ஏற வேண்டியிருக்கும். ஆகவே கடிகாரத்தை நம்பாமல், எனக்கு முன் மூன்று மோதல்கள் மீதமிருக்கும்போதே ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்துவிடுகிறேன். அழைப்பு தாமதமானால் துண்டைப் போர்த்திக்கொண்டு மெல்ல நடக்கிறேன்.

இன்னொன்று: பல்காப்பைச் சிவப்பு நிறத்தில் வாங்காதீர்கள். வாயில் ரத்தம் வந்தால் தெரியாது என்பதால் விதி அதை அனுமதிப்பதில்லை. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.