ஒன்பது நாள் விடுமுறையும் ஒரு ஷிப்ட் சார்ட்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ரயில் பெட்டிகளுக்கான பாகங்களை வெல்டிங் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். வாரா வாரம் ஷிப்ட் சார்ட் போடுவது என் வேலை. யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார், யார் எந்தக் கிழமையில் கறி தொடமாட்டார், யாருக்கு எந்த மேட்ச் முக்கியம் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்தச் சார்ட் வழியாகத்தான். மத நல்லிணக்கம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் ஒரே ஒரு மாதம் ஷிப்ட் சார்ட் போட்டுப் பார்க்கலாம்.

சிக்கல் விடுமுறைக் கணக்கிலேயே ஆரம்பிக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் ஆண்டுக்கு 9 நாள் விடுமுறை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக, பண்டிகைகளுக்கு மிச்சம் ஐந்து. பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி மூன்றையும் யாரும் தொட முடியாது. மீதி இரண்டுக்கு ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, தமிழ்ப் புத்தாண்டு, விநாயகர் சதுர்த்தி எல்லாம் வரிசையில் நிற்கும். எங்கள் இடத்தில் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் ஜெயித்தன. மாட்டுப் பொங்கலன்று பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று தெரிந்தே சார்ட் எழுதுவேன்.

மற்றதெல்லாம் கைமாற்றுதான். 2019இல் ரம்ஜான் நோன்பு மே 7 அன்று தொடங்கியது. அக்னி நட்சத்திரம் அதற்கு முன்பே வந்துவிட்டது. வெல்டிங் முகமூடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, தொண்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காமல் நின்றவர்கள் என்னிடம் கேட்டது முதல் ஷிப்ட் மட்டும்தான். காலை ஆறுக்கு வந்தால் மதியம் இரண்டுக்குக் கிளம்பி வீட்டில் போய்ச் சாய்ந்துவிடலாம். மற்றவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். “தீபாவளிக்கு முந்தின நாள் நைட் உங்களுக்குத்தான் பாய், இப்பவே எழுதச் சொல்லுங்க” என்று பேரம் பேசினார்கள். பேரம் படிந்தால் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சியும் வந்து சேரும். எனக்கு அந்தப் பேரம் பிடித்திருந்தது. பெருந்தன்மை மனநிலையைப் பொறுத்து மாறும். கடன் கணக்கு மாறாது.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்காரர்கள். கொடியேற்றம் 29ஆம் தேதி, மாதா பிறந்தநாள் செப்டம்பர் 8. காவி உடுத்தி நடந்தே போகிறவர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் விடுப்பு எந்த மூலைக்கு?

கார்த்திகை மாதம்தான் வேடிக்கை. மாலை போட்ட நாளிலிருந்து ஹெல்ப்பர் பையன் ‘சாமி’ ஆகிவிடுவான். ‘டேய்’ என்று கூப்பிட்ட அதே வாயால், “சாமி, அந்தக் கிளாம்பை எடுத்துட்டு வாங்க” என்று கேட்க வேண்டும். அவனும் என்னை “சொல்லுங்க சாமி” என்பான். தை பிறந்ததும் பழையபடி டேய்தான். அதில் இருவருக்கும் வருத்தமில்லை. ஆனால் சாமிகள் செருப்புப் போடமாட்டார்கள், வெல்டிங் ஷாப்பில் சேஃப்டி ஷூ இல்லாமல் கால் வைக்க முடியாது. வீட்டிலிருந்து கேட் வரை வெறுங்காலோடு வந்து உள்ளே ஷூ மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஒத்துக்கொள்ளாதவர்களை பேக்கிங்குக்கு மாற்றினேன். “ஐயப்பன் மன்னிச்சிருவாரு சார், சேஃப்டி ஆபீசர் மன்னிக்க மாட்டாரு” என்றார் ஒரு குருசாமி, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

இப்படி ஷிப்டை மாற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் டிபன் பாக்ஸையும் மாற்றிக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். புளியந்தோப்பிலிருந்து வந்த ஒரு ஃபிட்டர் பீஃப் வறுவல் கொண்டுவருவார். அவரோடு தீபாவளி நைட்டை மாற்றிக்கொண்டவர்கள்கூட அந்த மேஜைக்கு வரமாட்டார்கள். அவரும் கூப்பிட மாட்டார். கடைசி மேஜை அவருடையது என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். மதத்தைவிடச் சாப்பாடுதான் ஆட்களைக் கறாராகப் பிரிக்கிறது என்று எனக்குத் தோன்றும். சாப்பாட்டுக்குப் பின்னால் சாதி நிற்பதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அதே ஃபிட்டர் கேரம் போர்டுக்கு வந்தால் கதை வேறு. வடசென்னையில் கேரம் விளையாடத் தெரியாதவரைத் தேட வேண்டும். முன்னாள் உலக சாம்பியன் மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண். எங்கள் ஃபிட்டர் ரெட் போட்டால் ஃபாலோ தப்பாது. புரட்டாசி முழுக்க முட்டைகூடத் தொடாத மெஷின் ஆபரேட்டர்தான் டபுள்ஸில் அவருக்கு எதிரே உட்காரும் பார்ட்னர். விளையாட்டு எல்லோரையும் இணைக்கும் என்று சொல்ல வரவில்லை. தப்பாக அடித்த ஒரு காய்க்காக அந்த இரண்டு பேரும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

கிரிக்கெட்டும் அப்படித்தான். 2011 மார்ச் 30, மொஹாலியில் இந்தியா–பாகிஸ்தான் உலகக் கோப்பை அரையிறுதி. மேட்ச் மதியம் இரண்டரைக்கு. அன்றைக்கு எல்லா மதத்தவரும் ஒரே குரலில் முதல் ஷிப்ட் கேட்டார்கள். கேன்டீனில் டிவி வைத்துத்தான் செகண்ட் ஷிப்டுக்கு ஆள் பிடித்தோம். “பாய், நீங்க எந்தப் பக்கம்?” என்று ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான். “சச்சின் பக்கம்” என்றார் அவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். சச்சின் அன்று 85 அடித்தார். அந்தக் கேள்வியை அந்த மேஜையில் வேறு யாரிடமும் யாரும் கேட்கவில்லை.

கடைசி வருடங்களில் பீகாரிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். எங்கள் தினசரி காலண்டர் பார்த்து எழுதிய சார்ட் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. நாம் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற தீபாவளி, அவர்களுக்குச் சில வருடங்களில் மறுநாள் சாயங்காலம் லட்சுமி பூஜை. எனக்கு அது வசதிதான். முதல் நாள் அவர்கள் வேலை பார்க்க, அடுத்த நாள் நம் ஆட்கள். ஆனால் ஆறாம் நாள் வருகிற சத் பூஜைக்கு ஊருக்கே போயாக வேண்டும், ரயிலில் போக வரவே நாலைந்து நாள் ஆகும். திரும்பி வரும்போது கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்து நெய்யில் பொரித்த டேகுவா கொண்டுவந்து எல்லா மேஜைக்கும் கொடுத்தார்கள், கடைசி மேஜைக்கும் சேர்த்து. ஐந்து பண்டிகை நாட்களில் ஒன்றை அவர்களுக்குத் தரலாமா என்று மீட்டிங்கில் கேட்டேன். எதை எடுப்பது என்று திருப்பிக் கேட்டார்கள். பட்டியல் அந்த வருடமும் மாறவில்லை. அவர்களுடைய சம்பளமில்லா விடுப்பு விண்ணப்பங்களில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.