கச்சானில் காயப் போட்ட ஆயிரம் துண்டுகள்

சாப்பாட்டு மேசையை ஜிக்சோ படம் ஒன்று அடைத்துக்கொண்டு ஐந்து கிழமை. அம்மா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டபடியே, "உதை எப்ப எடுக்கப் போறாய்?" என்று நாளுக்கு மூன்று தரம் கேட்டுக்கொண்டிருந்தார். கனடாவிலிருந்து அக்கா அனுப்பியது, ஆயிரம் துண்டுகளைப் பொருத்திச் சேர்க்கிற படம்; பனி மூடிய மலைக் கிராமம். எண்ணிப் பார்த்தேன்: நீளவாக்கில் 38, அகலவாக்கில் 27. பெருக்கினால் 1026. பெட்டியில் ஆயிரம் என்று போட்டிருப்பது ஒரு பேச்சுக்குத்தான்.

இது என் இரண்டாவது படம். முதலாவதைச் சுவரில் மாட்டுவதற்காகக் கார்த்திகை மழைக்குள் ஒட்டிக் கெடுத்தேன். எங்கள் வீடு திருகோணமலை டச்சு பே கடற்கரையிலிருந்து நாலு வீடு தள்ளி. வாடைக்காற்று தொடங்கினால் உப்பே போத்தலுக்குள் கட்டியாகிவிடும். அந்த நேரத்தில் பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து படத்தின் முன்பக்கம் பூசினேன். கம் தெளியவில்லை, வெள்ளைப் புகையாக நின்றது. மட்டை தண்ணீரைக் குடித்து அப்பளமாக வளைந்தது. பொருத்துகளுக்குள்ளால் இறங்கிய கம், அடியில் விரித்திருந்த பத்திரிகையையும் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் அந்தப் படத்தைத் திருப்பினால் மரண அறிவித்தல் பக்கம் வாசிக்கலாம்.

அதனால் இந்த முறை கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, வீசும் வரை காத்திருந்தேன். ஜூன் மாதக் கச்சானில் துணி ஒரு மணித்தியாலத்தில் காயும். கம் காயாதா என்ன?

ஜூன் 8, ஞாயிறு. ஒட்டுவதைவிடத் திருப்புவதுதான் பயம். படத்தை மெல்ல ஒரு ஹாட்போட் பலகைக்கு இழுத்தேன். மேலே எண்ணெய்த்தாள், அதன் மேல் இன்னொரு ஹாட்போட். நாலு பக்கமும் உடுப்புக் கிளிப். ஒரு பக்கம் நான், மறுபக்கம் தம்பி. "ஒண்டு, ரெண்டு" என்றதும் அவன் மூன்றுக்குக் காத்திராமல் திருப்பிவிட்டான். தெய்வாதீனம், மூலையில் ஆறு துண்டு மட்டும்தான் கழன்றது.

பின்பக்கம் கம்மைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி, காலாவதியான வங்கி அட்டையால் மெல்லிதாக இழுத்தேன். பொருத்துகளுக்குள் இறங்கினால் போதும், தடிப்பாக நிற்கக் கூடாது. முன்பக்கம் பூசாததால் அச்சு அப்படியே இருக்கும், பளபளப்பும் வராது. எனக்கு அந்த மங்கல்தான் பிடிக்கும். இரண்டு மணித்தியாலம் யன்னல் காற்றில் விட்டு, கை ஒட்டாத பதம் வந்ததும் எண்ணெய்த்தாள் போட்டு, பலகை வைத்து, அதன் மேல் 25 கிலோ அரிசி மூட்டையை ஏற்றினேன். மூட்டையை முதலிலேயே வைத்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அவிந்திருக்கும்.

ஜூன் 9. தூக்கிப் பார்த்தேன், ஒரே தகடு. வளைவு இருந்தது, ஆனால் அப்பளம் இல்லை. பின்பக்கம் மட்டும் கம் பிடித்து இழுப்பதால் வருவது அது. ஹாட்போட்டில் ஒட்டியதும் நிமிர்ந்துவிட்டது.

அப்புறம்தான் அம்மா பக்கத்தில் வந்து பார்த்தார். "வானத்தில ரெண்டு துண்டு மாறிக் கிடக்கு." உண்மைதான். ஒரே வெட்டு, நிறம் மட்டும் அரைப் புள்ளி வித்தியாசம். ஐந்து கிழமையாக மேசையில் கிடந்தபோது சொல்லியிருக்கலாம்.

பிரேமுக்கு அளவு எடுப்பதை ஒட்டிய பிறகே செய்யுங்கள். பெட்டியில் 70 சென்டிமீற்றருக்கு 50 என்று இருந்தது. என்னுடையது நீளத்தில் மூன்று மில்லிமீற்றர் கூட. பிரேம் அடிக்கிற அண்ணை அதைவிட இரண்டு நல்ல விஷயம் சொன்னார். "தம்பி, கண்ணாடி படத்தில முட்டக் கூடாது. மழைக்காலத்தில ஈரம் பிடிச்சு மை கண்ணாடியோட வந்திடும்." ஓரத்தில் மெல்லிய மரச்சலாகை வைத்து இடைவெளி விட்டார். இரும்பு ஆணி கறள் பிடிக்கும் என்று பித்தளை ஆணி அடித்தார்.

மாட்ட இடம் பார்த்ததுதான் கடைசி வேலை. கடலைப் பார்த்த சுவர் மழைக்கு வியர்க்கும்; மேற்குப் பக்கம் பின்னேர வெயில் நிறத்தைத் தின்னும். மிஞ்சியது நடுச்சுவர், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில். அம்மா யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பிரேமின் பின்னால் நாலு மூலையிலும் போத்தல் தக்கையை வெட்டி ஒட்டியிருக்கிறேன், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக.

கார்த்திகையில் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.