பக்கத்து நாற்காலி மேலூர் அக்கா

மார்புப் புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்த பிறகு, மூன்று வாரத்துக்கு ஒன்று வீதம் நாலு சிவப்பு கீமோ மருந்து, அப்புறம் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு, கடைசியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பது என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அப்போது எனக்கு 41 வயது. பொறுமையாகத்தான் விளக்கினார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று என் மண்டையில் எதுவுமே ஏறவில்லை. சோழவந்தான் டவுன் பஸ்ஸில் திரும்பும்போது தாளை மடித்து மடித்து விரல் அகலத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். அதில் இருந்ததை எனக்குப் புரிய வைத்தது கீமோ வார்டில் பக்கத்து நாற்காலியில் இருந்த மேலூர் அக்காதான்.

அங்கே ஊர்தான் பேர். மேலூர் அக்கா, உசிலம்பட்டி அம்மா, திருமங்கலத்துப் பிள்ளை, நான் சோழவந்தான். எங்கள் நாலு பேருக்கும் செவ்வாய்க்கிழமை. அக்கா எனக்கு இரண்டு மருந்து முன்னால் போய்க்கொண்டிருந்தார், அதனால் எனக்கு வரப்போவது எல்லாம் அவருக்கு ஏற்கெனவே வந்துபோயிருந்தது. முதல் நாளே சொன்னார், "ஏத்தா, வீட்டுக்குப் போனதும் ஒண்ணுக்கு செவப்பாப் போகும், ரத்தம்னு பயந்துறாத, மருந்தோட நெறம், ஒருநாள்ல சரியாப் போயிரும்." அதே மாதிரி போனது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று ராத்திரி நான் என்ன பாடு பட்டிருப்பேனோ.

இரண்டாவது மருந்து ஏறும்போது ஊசி இருந்த இடத்தில் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிச்சல். மருந்து என்றால் எரியத்தானே செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு "கை எரியுதா?" என்றார். தலையை ஆட்டினேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். நர்ஸ் ஓடிவந்து மருந்தை நிறுத்திவிட்டு, வேறு இடத்தில் ஊசி மாற்றினார். அந்தச் சிவப்பு மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடுமாம். எரிந்தால் அந்த நொடியே சொல்ல வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் யாராவது கீமோவுக்குப் போவதாக இருந்தால் தயவுசெய்து பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

அதே மருந்துக்குப் பிறகு பத்தாம் நாள், ராத்திரி பதினொரு மணி, உடம்பு தூக்கிப் போட்டது. தெர்மாமீட்டரில் 101. 100.4-க்கு மேல் போனால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் தாளில் இருந்ததுதான், ஆனால் அந்த நேரத்தில் யாரை எழுப்புவது, ஒரு காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருந்தேன். என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் மேலூருக்குப் போன் போட்டுவிட்டார். அக்கா போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "மாத்திரையப் போட்டுக் காய்ச்சல அமுக்காத. வெள்ளை அணு எறங்குற நாளு இது. இப்பவே கார் புடி. போனதும் கீமோ எடுக்குறவன்னு மொதல்ல சொல்லு, வரிசையில உக்காந்துறாத" என்றார். கிளம்பினோம். வெள்ளை அணு ரொம்பக் கீழே போயிருந்தது. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். நான் கார் ஏறின பிறகும் அக்கா தூங்கவில்லையாம், வார்டில் சேர்த்தாச்சு என்று இவர் சொன்ன பிறகுதான் படுத்திருக்கிறார்.

கூட வரும் ஆண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் எந்தத் தாளை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று என் வீட்டுக்காரருக்குக் காட்டிக் கொடுத்தது அக்கா வீட்டுக்காரர்தான். நாலாவது வாரத்திலேயே இவர் அவரை "சகலை" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கல்யாணமாகி 19 வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. அந்த மரத்தடியில் அழுதிருக்கிறார். ரொம்ப நாள் கழித்து அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வார்டுப் பேச்சில் எல்லாமே நல்லது இல்லை. முள் சீத்தா இலைப் பொடியில் கட்டி கரைந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பித் திருமங்கலத்துப் பிள்ளை இரண்டு கீமோவை விட்டுவிட்டாள். அக்காவும் நானும் மாறி மாறிப் போன் பண்ணிக் கெஞ்சித்தான் திரும்பி வந்தாள். வாய்ப்புண்ணுக்கு எதைச் சாப்பிட்டால் இறங்கியது, முடி கொட்டுவதற்கு முன்னாலேயே ஒட்ட வெட்டிவிடலாமா, இதையெல்லாம் பக்கத்து நாற்காலியில் கேட்கலாம். மருந்தைப் பற்றி டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

நோயாளிகளோடயே பழகினால் பயம் கூடாதா என்று என் தம்பி மனைவி கேட்டாள். கூடத்தான் செய்யும். உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்த உசிலம்பட்டி அம்மா இரண்டு செவ்வாய் வரவில்லை. நாங்கள் யாரும் வாய் திறந்து கேட்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் மகள் மட்டும் ஏதோ தாளில் கையெழுத்து வாங்க வந்தாள். அன்று மருந்து ஏறி முடிகிற வரைக்கும் மேலூர் அக்கா என்னுடைய ஊசி இல்லாத கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. வீட்டில் யாரிடம் சொல்லி அழுவது, அவர்களுக்கு அந்த அம்மா யாரென்றே தெரியாதே. ராத்திரி மேலூருக்குத்தான் போன் போட்டேன். அக்காவும் முழித்துக்கொண்டுதான் இருந்தார்.

கரண்டும் முடிந்து இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு செக்கப். அடுத்தது ஆடி கழிந்து வருகிறது. அக்காவும் அதே நாளுக்குத் தேதி வாங்கியிருக்கிறார். அவர் மாமியாருக்கு எங்கள் கொடிக்கால் வெற்றிலை என்றால் உயிர், இரண்டு கவுளி எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.