கண்மாய்க் கரையில் ஐந்து நாள்

ஜனவரி 19

புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசலுக்கு அருகிலுள்ள இந்தச் சிற்றூருக்கு நேற்றிரவு வந்து சேர்ந்தோம். படம் வரைவதைத் தவிர வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை என்று நண்பர்கள் நால்வரும் பேசிக்கொண்டுதான் புறப்பட்டோம். ஆனால் எங்கே உட்காருவது என்று தேடுவதிலேயே முதல் நாள் போய்விட்டது. கடைசியில் கண்மாய்க் கரையில் ஒரு புளியமரத்து நிழல் வாய்த்தது.

ஜனவரி 20

நீர்வண்ணத்துக்குக் காற்றுதான் முதல் எதிரி. 300 ஜிஎஸ்எம் கனத் தாளை இருபுறமும் நனைத்து வைத்திருந்தும், பத்து மணிக்கு வெயிலோடு காற்றும் சேர்ந்துகொண்டபோது, வானத்தின் நீலத்தைக் கீழ்வரை இழுத்து முடிப்பதற்குள் நடுவில் காய்ந்து, துணியில் படிந்த கறைபோல ஒரு விளிம்பு விழுந்துவிட்டது. போதாக்குறைக்கு, தாளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடிய எதிர்க்கரைக் கோடு படத்தை இரண்டு துண்டாக்கியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கம்மாயப் பாத்துக்கிட்டு வானத்த எழுதி வச்சிருக்கீகளே தம்பி" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரி 21

இன்று தூரிகையையே எடுக்கவில்லை. இந்தப் பகுதிச் செம்மண்ணின் நிறம் என் வண்ணப் பெட்டியில் இல்லை. பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணம் அதன் பக்கத்தில் செத்துக் கிடக்கிறது. ஆகவே வரப்போரத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி, நீரில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேலே நின்ற கலங்கல் நீரை வேட்டித் துணியில் வடித்துத் தெளியவிட்டேன். மாலையில் அடியில் படிந்திருந்த வண்டலைக் கருவேலம் பிசினில் குழைத்தேன்.

ஜனவரி 22

சித்தன்னவாசல். அறிவர் கோயில் என்னும் அந்தச் சமணக் குடைவரையை, ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. விதானத்துத் தாமரைக்குளத்தைக் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். சுதை பல இடங்களில் உதிர்ந்துவிட்டது, எஞ்சியதும் மங்கல்தான். ஆயினும், இலைகளுக்கிடையே மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், பூக்கொய்யும் ஆடவர் என்று நெருங்கிக் கிடக்கும் அந்தக் குளத்தில், தொலைவு என்று பின்னுக்குப் போன எதையும் காணவில்லை. எந்தப் பூவும் எந்த மீனும் தனக்கு உகந்த பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆத்தா சொன்னதை அந்த ஓவியன் அன்றே அறிந்திருக்கிறான் என்று தோன்றியது. குளத்தை வரைபவனுக்கு அங்கே வானம் தேவைப்படவில்லை.

ஜனவரி 23

விடியற்காலை ஆறரைக்கே கரைக்குப் போய்விட்டேன். பனி இருந்ததால் தாள் காயவில்லை. எதிர்க்கரையை விட்டுவிட்டுக் காலடித் தண்ணீரை மட்டும் வரைந்தேன்: அல்லி இலைகள், அவற்றின் நடுவே ஒரு எருமை. இலைகள் ஓரளவு படிந்தன. எருமை மட்டும் பாறை மாதிரி வந்திருக்கிறது. அது தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தது என்பது நான் சொல்லும் சாக்கு. அதன் முதுகில் காய்ந்திருந்த சேற்றுக்கு நான் குழைத்த செம்மண்ணையே பூசினேன். நிறம் அப்படியே பொருந்தியது. மதியம் பையில் வைப்பதற்காகத் தாளை எடுத்தபோது அந்த இடம் விரலில் தூளாக ஒட்டிக்கொண்டு வந்தது. பிசின் போதவில்லை.